இருபத்தேழாவது கார்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர் ஓட்டுவேன், அதுவும் பின்னால் வருகிறவர்கள் பொறுமைசாலிகளாக அமைந்தால். இப்படிப்பட்டவன் மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு என் அக்கா மகன்தான் காரணம்.

2011-ம் வருஷம், மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவனுக்கு அப்போது பத்து வயசு. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில், மறுநாள் நடக்கவேண்டிய ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அன்று தகுதி ஓட்டம். டெலிவிஷனுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் பல வருஷ இடைவெளிக்குப் பிறகு அந்தப் பந்தயத்துக்குத் திரும்பி வந்திருந்தார். சற்று நேரம் கழித்து முகம் தொங்கிப்போய்த் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"தோத்துட்டாரா?" என்றேன்.

"தோக்கலே மாமா. ஓடவே விடமாட்டாங்களாம். வேகம் போதலையாம். நாளைக்கு வராதேன்னுட்டாங்க."

"வேகம் போதலேன்னா எப்படியும் ஜெயிக்க முடியாதே?"

"ஜெயிக்க வேண்டாம் மாமா. தோக்கவாவது விடலாமில்லே?"

ரசத்தை ஊற்றிக்கொள்வதுபோல் பாவனை செய்து பேச்சை மாற்றினேன். பத்து வயசுப் பையன் கேட்டதற்குப் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அன்றைக்கு எனக்கு இல்லை. அந்தக் கேள்வி என்னை விடவுமில்லை. விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் சில என் சொந்த மனச்சாட்சியிலேயே கைவைக்கும் என்று அப்போது எதிர்பார்க்கவில்லை.

அந்த விதி பார்வைக்கு மிகவும் எளிமையானது. தகுதி ஓட்டத்தின் முதல் கட்டத்தில் எல்லோரையும்விட வேகமாக ஒரு சுற்றை முடித்தவர் எடுத்துக்கொண்ட நேரத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், மற்றவர்கள் 107-க்குள் முடிக்கவேண்டும். அவர் 90 விநாடியில் முடித்தார் என்றால் மற்றவர்களுக்கு 96.3 விநாடி வரைக்கும் இடமுண்டு. அதைத் தாண்டி ஓர் இமைப்பொழுது ஆனாலும் மறுநாள் வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். 1996-ல் முதலில் வந்தபோது தகுதி ஓட்டம் முழுவதிலும் முதலாவதாக வந்தவரின் நேரமே அளவாக இருந்தது. 2002-க்குப் பிறகு விதியையே கைவிட்டார்கள். 2011-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த வருஷத்து முதல் பந்தயத்திலேயே கார்த்திகேயனும் அவருடைய சக ஓட்டுநர் லியூட்ஸியும் அதில் அகப்பட்டார்கள். அவர்களுடைய ஹெச்.ஆர்.டி. அணி ஏழை அணி. அந்தக் கார் மெல்போர்னுக்கு வந்த பிறகுதான் முதல் தடவையாக ஓடவே ஓடியது. அடுத்த வருஷம், அதே ஊரில், அதே விதி கார்த்திகேயனை மறுபடியும் வெளியே நிறுத்தியது.

முதலில் இது கொடுமை என்றுதான் எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அப்படித் தள்ளிவிடவும் முடியவில்லை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் பறந்து வருகிறவனுக்குத் திருப்பத்தில் ஒரு மந்தமான கார் எதிர்ப்பட்டால், அது நம் ஊர் நெடுஞ்சாலையில் ராத்திரி வேளையில் விளக்கில்லாத கட்டை வண்டி எதிர்ப்படுவது போலத்தான். ஆபத்து வேகத்தில் இல்லை; இரண்டு வேகங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. எல்லோரும் மெதுவாகப் போனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆகவே, மிக வேகமானவனை வைத்து மற்றவனை அளப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அத்துடன் விதியில் ஒரு சலுகையும் வைத்திருக்கிறார்கள். பயிற்சி ஓட்டத்தில் போதிய வேகத்தைக் காட்டியவர் தகுதி ஓட்டத்தில் ஏதோ காரணத்தால் சறுக்கிவிட்டால், பந்தய அதிகாரிகள் பார்த்து அவரை அனுமதிக்கலாம். பலரை அனுமதித்தும் இருக்கிறார்கள். விதியை எழுதியவர்களுக்கே அதன்மேல் முழு நம்பிக்கை இல்லாதிருப்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வெளியே தள்ளப்பட்டவனைத் தள்ளியது யார்? முதலாவதாக வந்தவன் அன்றைக்குக் கொஞ்சம் அசிரத்தையாக ஓட்டியிருந்தால் கடைசி ஆள் உள்ளே வந்திருப்பான். அவன் உயிரைக் கொடுத்து ஓட்டினான். எங்கோ பின்னால் ஒருத்தனுடைய பிழைப்பு போயிற்று. போனது முன்னவனுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. 1997-ல் லோலா என்ற அணி புதிதாக வந்தது. மெல்போர்னில் அதன் இரண்டு கார்களும் முதலாவது காரைவிட ஒரு சுற்றுக்குப் பத்து விநாடிக்கும் மேல் பின்தங்கி, விதிக்கு வெளியே விழுந்தன. அடுத்த பந்தயம் ஓடுமுன் அணியே கலைந்துவிட்டது.

இந்தச் சதவிகிதக் கணக்கெல்லாம் பிற்பாடு வந்தது. ஆதியில் கேள்வி இன்னும் பச்சையாக இருந்தது: எத்தனை கார்? எந்தக் கார் முன்னால்? ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களில் ஒரு காலத்தில் வரிசையைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். 1933-ல் மொனாக்கோவில்தான் பயிற்சியில் எடுத்த நேரத்தைக் கொண்டு வரிசை அமைக்கும் வழக்கம் தொடங்கியது. சீட்டில் பின்வரிசை வந்தவனுக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும்: விதி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கடிகாரம் வந்த பிறகு அந்த ஆறுதல் போய்விட்டது. பின்வரிசை என்பது அவனைப்பற்றிய ஓர் அபிப்பிராயமாகிவிட்டது.

மொனாக்கோ என்பது கடலோரத்தில் ஒரு சின்னஞ்சிறு ராஜ்யம். பந்தயம் அதன் வீதிகளிலேயே நடக்கும். ஹோட்டல் வாசலில் திரும்பி, சுரங்கத்தில் நுழைந்து, படகுத்துறையோரம் வந்து முடியும். ஒரு சுற்று மூன்று கிலோமீட்டரும் சொச்சமும்தான். வீதி குறுகல், ஆகவே 16 கார்களுக்கு மேல் கூடாது என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். 1958-ல் அங்கே இடம் கிடைக்காமல் திரும்பியவர்களில் இரண்டு பேரைச் சொல்லவேண்டும். ஒருவர் மரியா தெரேசா தே ஃபிலிப்பிஸ் என்ற இத்தாலியப் பெண்மணி. அடுத்த மாதமே பெல்ஜியத்தில் இடம்பெற்று, பத்தாவதாக ஓடி முடித்து, உலகப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் பெண் என்று பேர் வாங்கினார். மற்றவர் பெர்னி எக்லஸ்டன். அவருக்குக் கடைசிவரை ஓட்டுநராக இடம் கிடைக்கவில்லை. கவலைப்படவேண்டாம், பின்னால் பல பத்தாண்டுகள், 2017 வரையில், அந்தப் பந்தய உலகத்தின் கஜானாச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. வாசலில் நிறுத்தப்பட்டவர் வாசற்காவலுக்கே அதிபதியாவது நம் நாவல்களில் வந்தால் நம்பமாட்டார்கள்.

வீதி குறுகல் என்ற காரணத்தை நானும் நம்பினேன். பிறகு ஒரு கணக்கைப் பார்த்தேன். 1986-ல் மொனாக்கோவில் 20 கார்கள், 1987-ல் 26. ஒரு வருஷத்தில் வீதி அகன்றுவிடவில்லை. அகன்றது அனுமதிக்கிறவர்களின் மனசுதான். தரையின் அளவு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பல சமயம் யாரோ நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எழுதிய எண்ணாக இருக்கிறது. அப்படியானால் 26 என்பதும் எண்தான். இருபத்தேழாவது கார் என்ன பாவம் செய்தது?

அந்த இருபத்தேழாவது காருக்காக ஒரு தனி வேதனையே ஏற்பாடாகியிருந்தது. 1989-ல் 39 கார்கள் வந்து நின்றன. இடம் 26. எல்லோரையும் ஒன்றாகத் தகுதி ஓட்டத்தில் விட்டால் நெரிசல் என்று, புது அணிகளும் முன்பு சோபிக்காத அணிகளுமாக 13 கார்களை வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே வரச்சொல்லி ஒரு மணி நேரம் ஓடவிட்டார்கள். அதில் வேகமான நாலு பேர் மட்டும் மற்ற 26 பேருடன் சேர்ந்து தகுதி ஓட்டத்துக்குப் போகலாம். அந்த 30-ல் பின்னும் நாலு கழியும். மீதி ஒன்பது பேர் காலைக் காப்பி ஆறுமுன் மூட்டை கட்டவேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் காரைச் சுமந்துகொண்டு வந்து, ஜனங்கள் மைதானத்துக்கு வந்து சேருமுன் திரும்பிப் போவது! கிளாவ்தியோ லாங்கஸ் என்ற இத்தாலியர் 1990-ல் பதினான்கு ஊர்களுக்குப் போனார். பதினான்கிலும் அந்த முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றிலாவது அவர் ஓடியதே இல்லை. கப்ரியேலே தர்க்வீனிக்கு இருபதுக்கும் மேற்பட்ட தடவை இதே கதி. அவர் 2009-ல், தம் 47-வது வயதில், வேறு வகைக் கார்ப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றார். இவரை உதாரணம் காட்டி விடாமுயற்சியைப் புகழ ஆசைதான். ஆனால் லாங்கஸும் விடாமல்தான் முயன்றார்.

சதவிகித விதியில் இல்லாத ஒரு கசப்பு இந்த எண்ணிக்கை விதியில் இருக்கிறது. இங்கே என் இடத்தை எடுத்துக்கொண்டவன் இன்னான் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறாவது ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் போகவேண்டும். அந்த ஆள் என்னைப்போலவே பரதேசி. முதல் வரிசைக்காரர்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. சண்டை எப்போதும் ஏழைக்கும் ஏழைக்கும்தான்.

இதை உச்சத்தில் பார்க்க அமெரிக்காவில் இண்டியானாபோலிஸுக்குப் போகவேண்டும். அங்கே வருஷந்தோறும் நடக்கும் 500 மைல் பந்தயத்தில் 33 கார்கள். வரிசைக்கு மூன்றாகப் பதினொரு வரிசை. அதற்குமேல் வந்தால் கடைசி இடத்தில் இருப்பவனை ஒருத்தன் முட்டித் தள்ளிவிட்டு உள்ளே வரவேண்டும். 2019-ல் ஃபெர்னாண்டோ அலான்ஸோ அங்கே வந்தார். ஃபார்முலா ஒன்னில் இருமுறை உலக சாம்பியன். பின்னால் மக்லாரன் என்ற பேர்பெற்ற அணி. அவரைத் தள்ளியவர் கைல் கைசர் என்ற இளைஞர். அவருடைய சிறிய அணியை ஆதரித்த கம்பெனிகள் விலகிப்போயிருந்தன. இரண்டு நாள் முன்னால் காரும் சுவரில் மோதி நொறுங்கிவிட, ராப்பகலாக வேறொரு காரைத் தயார்செய்து கொண்டுவந்தார்கள். நாலு சுற்று, பத்து மைல் தூரம் ஓடிய சராசரி வேகத்தில் இருவருக்கும் வித்தியாசம் மணிக்கு 0.019 மைல். நேரத்தில் சொன்னால், விநாடியில் நூற்றில் ஒரு பங்கு, சற்றே கூட.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அந்த ஊரில் இன்னொரு விசித்திர விதி உண்டு. இடம் காருக்குச் சொந்தம், ஓட்டியவனுக்கு அல்ல. பணம் இருந்தால், இடம்பெற்ற காரில் வேறு ஆளை உட்காரவைக்கலாம். கார் கடைசி வரிசைக்குப் போகும், அவ்வளவுதான். அலான்ஸோவின் அணி அப்படி இடம் வாங்க மறுத்துவிட்டது. அது அவர்கள் பெருமை. எல்லோரும் அப்படி இல்லை. ப்ரூனோ ஜுன்கேரா என்ற பிரேஸில்காரர் 2009-ல் ஓட்டி இடம்பெற்றார். இடம் கிடைக்காத சக ஓட்டுநருக்காக இறங்கிக்கொண்டார். 2011-ல் மறுபடி ஓட்டி, பத்தொன்பதாவது இடம்பெற்றார். இந்தத் தடவை வேறொரு பெரிய அணியின் ஓட்டுநர் தகுதி பெறவில்லை. இரண்டு அணிகளும் பேசி முடித்தன. ஜுன்கேரா மறுபடி இறங்கினார்.

இந்த மனிதர் என் மனத்தில் வெகு நாள் இருந்தார். கார்த்திகேயனுக்கு நேர்ந்தது வேறு, இவருக்கு நேர்ந்தது வேறு. அவரைக் கடிகாரம் அளந்து போதாது என்றது. கடிகாரத்தோடு யாரும் விரோதம் பாராட்டுவதில்லை. இவரைக் கடிகாரம் அளந்து போதும் என்றது. அதற்கு அப்புறம் மனிதர்கள் இறங்கு என்றார்கள். இரண்டும் வெளியே நிற்பதுதான். ஆனால் முதலாவதில் ஒருவன் வீட்டுக்குப்போய் நிம்மதியாகத் தூங்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே இண்டியானாபோலிஸில்தான் விதி தலைகீழாகப் புரண்ட ஒரு நாளும் உண்டு. 2005 ஜூன் 19-ம் தேதி, ஃபார்முலா ஒன் பந்தயம். மிஷலின் டயர் அணிந்த கார்களுக்கு அங்கே ஒரு சரிந்த திருப்பம் ஆபத்து என்று ஆகிவிட்டது. இருபது காரும் ஊர்வலமாக ஒரு சுற்று வந்தன. வந்ததும் 14 கார்கள் கொட்டகைக்குள் திரும்பிவிட்டன. மீதி ஆறு பேர் மட்டும், கூட்டம் கூச்சல் போட, பந்தயத்தை ஓடி முடித்தார்கள். கார்த்திகேயன் நாலாவது. ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளிகள் மொத்தமே அவ்வளவுதான். அது சும்மா கிடைத்தது என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த இளக்காரம் பிடிக்கவில்லை. மற்றவர்கள் வராதது அவர் குற்றமா? வாசல் திறந்திருந்தது, அவர் உள்ளே இருந்தார், கடைசிவரை ஓடினார். தள்ளப்பட்ட நாளில் விதிதானே என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லுகிறோம். கிடைத்த நாளிலும் அதையே சொல்லவேண்டாமா?

இப்போதைய நிலவரம் வேறு மாதிரி. விதிப்புத்தகத்தில் 26 கார்கள் வரை ஓடலாம் என்று இருக்கிறது. ஆனால் 2017-லிருந்து 2025 வரைக்கும் ஓடியது 20 கார்கள்தான். ஆறு இடம் காலி. காலியாக இருந்தும் உள்ளே போவது லேசல்ல. 2020-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், புதிதாக வருகிற அணி 20 கோடி டாலர் கட்டவேண்டும், அதை ஏற்கனவே இருக்கிற அணிகள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். இலைகள் காலியாகக் கிடக்கின்றன. உட்காருகிறவன் ஏற்கனவே சாப்பிடுகிறவர்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும். ஆண்ட்ரெட்டி என்ற அமெரிக்க அணி கேட்டது. பந்தயத்தை ஆளும் சங்கம் 2023 அக்டோபரில் சரி என்றது. வர்த்தக உரிமை வைத்திருந்தவர்கள் 2024 ஜனவரியில் கூடாது என்றார்கள். இந்த அணியால் மற்றவர்களுக்கு ஈடுகொடுத்து ஓட முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகு ஒரு பெரிய மோட்டார்க் கம்பெனியின் காடிலாக் பெயரோடு அந்த முயற்சி வேறு ரூபத்தில் வந்தபோது ஒப்புக்கொண்டார்கள். 2026-ல் பதினோராவது அணியாக அது சேர்ந்தது.

ஈடுகொடுக்க முடியாது! அதைச் சொல்வதற்குத்தானே கடிகாரம் வைத்திருக்கிறீர்கள்? ஓடவிட்டு, அளந்து, 107-க்கு மேல் போனால் வீட்டுக்கு அனுப்புங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? அளக்காமலே அளவு சொல்லுவதை நான் அநியாயம் என்கிறேன். என் அக்கா மகன் கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்த பதிலும் இதுதான். தோற்பதற்கு எல்லோருக்கும் பந்தயத்தில் இடம் கொடுக்க முடியாமல் போகலாம். வீதி சிறியது, ஆபத்து பெரியது. ஆனால் தகுதி ஓட்டத்தில் தோற்க எவனுக்கும் இடம் கொடுத்தாகவேண்டும். எவ்வளவில் தோற்றான் என்பதை அவனிடம் சொல்லியாகவும் வேண்டும்.

இவ்வளவு ஆவேசமாக எழுதிவிட்டுப் பேனாவை வைத்தபோது ஒரு விஷயம் ஞாபகம் வந்து நெஞ்சை அடைத்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். பிரசுரத்துக்கு 12 கதைகள். அதற்குமேல் மலரில் பக்கம் கிடையாது. மூன்று பேரும் போட்ட மார்க்கைக் கூட்டினால் கடைசி இடத்துக்கு இரண்டு கதைகள் சமமாக நின்றன. ராத்திரி மணி ஒன்பதரை. எனக்குக் கடைசி பஸ் போய்விடும் என்ற கவலை. "இது நாலு பக்கம் குறைச்சல். இதையே வச்சுக்கலாம்" என்றேன். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். பஸ்ஸும் கிடைத்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீளமாக இருந்த கதையை எழுதியவர். அவர் பரிசு கேட்கவில்லை, குறையும் சொல்லவில்லை. தம் கதை எத்தனையாவது இடத்தில் நின்றது என்று மட்டும் தெரிவிக்க முடியுமா என்று கேட்டு, பதிலுக்கு ஒரு கார்டும் வைத்திருந்தார். முடிவு பற்றிக் கடிதப் போக்குவரத்து கிடையாது என்று போட்டி விதி. விதி எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது! கார்டை ஒரு புத்தகத்துக்குள் செருகிவைத்தேன். அதற்குப் பிறகு அவர் பெயரை எந்தப் பத்திரிகையிலும் நான் பார்த்ததில்லை. பார்க்காததற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வது அகம்பாவம். நான் காரணமே இல்லை என்று சொல்லிக்கொள்வதும் முடியவில்லை. கைசருக்கும் அலான்ஸோவுக்கும் நடுவில் இருந்த 0.019-ஐப் பலகையில் எழுதி ஊரறிய வைத்தார்கள். எங்கள் இரண்டு கதைகளுக்கும் நடுவில் இருந்தது பூஜ்யமும் ஒரு பஸ்ஸும். அது அவருக்குத் தெரியவே தெரியாது.

போன வாரம் அந்தக் கார்டைத் தேடி எடுத்தேன். அக்கா மகன் வந்திருந்தான். இப்போது பெங்களூரில் உத்தியோகம். இன்னும் கார்ப் பந்தயம் பார்க்கிறான். 2011 அக்டோபரில் டில்லிக்குப் பக்கத்தில் நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் கார்த்திகேயன் பதினேழாவதாக ஓடி முடித்ததை இன்றைக்கும் வெற்றியாகத்தான் சொல்லுவான். பதினெட்டாவதாக வந்தவர் டேனியல் ரிக்கார்டோ, பின்னாளில் எட்டுப் பந்தயம் ஜெயித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் விடமாட்டான். கார்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். விலாசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இப்ப எழுதினா அவருக்குக் கோபம் வராதா மாமா?"

"வரும்" என்றேன். "பேனாவை எடு."